தலையாட்டாத தலைவி

கொள்ளுப்பட்டு ஊராட்சி மன்றத் தலைவர் ரேணுகாதேவி. அலுவலகப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பலகைக்குக் கீழே கதவு, கதவுக்கு உள்ளே மேசை, மேசைக்குப் பின்னால் வெள்ளைத் துண்டு போர்த்திய சுழல் நாற்காலி, அந்த நாற்காலியில் ரேணுகாதேவியின் புருஷன் ராஜ்குமார். பதினைந்து மாதமாக இதுதான் ஏற்பாடு. தேர்தலில் நின்றவள் அவள், ஜெயித்தவள் அவள், பதவியேற்ற அன்று கழுத்தில் மாலை விழுந்ததும் அவளுக்குத்தான். மறுநாள் காலையிலிருந்து நாற்காலி மட்டும் இவனுக்கு.

ராஜ்குமார் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெட்டவனாக இருப்பதற்குக் கொஞ்சமாவது உழைப்பு வேண்டும். அவனுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது, அவ்வளவுதான். காலால் தரையை உந்தி இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று சுற்றிக்கொண்டே, வருகிறவர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பான்.

கொள்ளுப்பட்டில் தலையாட்டுவது சாதாரண விஷயம் இல்லை. ஜவ்வாது மலையில் மற்ற ஊர்களில் எப்படியோ, இங்கே முறையிட வந்தவர் பேசி முடித்ததும் கேட்டவர் ஒருமுறை தலையை ஆட்ட வேண்டும். ஆட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆட்டாவிட்டால், சொன்னவர் எதையோ மறைத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மறைத்ததைச் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் பொய் சொல்லிவிட்டுப் போனான் என்று ஊரே பேசும். ராஜ்குமார் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆட்டிவிடுவான் என்பதால் பதினைந்து மாதமாக எல்லோருக்கும் பரம சௌகரியமாக இருந்தது.

கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்ததில்தான் வினை பிடித்தது. முதல் தடவை வந்தபோது, “தலைவர் எங்கே?” என்றார். களை எடுக்கப் போயிருப்பதாக ராஜ்குமார் சொன்னான். இரண்டாம் தடவை வந்தபோது, இப்போதுதான் கிளம்பிப் போனார்கள் என்றான். அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், துண்டில் படிந்திருந்த ராஜ்குமாரின் தலை எண்ணெயைப் பார்த்தார்.

“அடுத்த தடவை நான் வரும்போது தலைவர் இங்கே இருக்கணும். இல்லேன்னா மேலே எழுதிடுவேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிலிருந்து ராஜ்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. அவளை வரச் சொன்னால் அவள் வந்துவிடுவாள். வந்தால் உட்காருவாள். உட்கார்ந்தவள் எழுந்திருப்பாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தக் கவலையோடுதான் அவன் ஆட்டுத்தோல் விற்பதற்கு வாணியம்பாடிக்குப் போனான். முக்தார் அகமதுவின் தோல் மண்டியில் ஏழு பேர் தலையைக் குனிந்துகொண்டு தோல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை.

“மொதலாளி எங்கப்பா?” என்றான் ராஜ்குமார்.

“பொண்ணு வூட்டுக்குப் போயி பத்து நாளாவுது” என்று ஒருவன் ரகசியமாகச் சொன்னான்.

“அப்ப இன்னாத்துக்கு இப்டி குசுகுசுன்னு பேசுற?”

அவன் கண்ணை மட்டும் மேலே காட்டினான். சுவரில் முக்தார் அகமது இருந்தார். எண்ணெய் வண்ணத்தில், ஆள் உயரத்துக்கு. இருட்டுப் பின்னணியிலிருந்து முகம் மட்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்க, கண் மட்டும் இந்தப் பக்கம் வந்து, ராஜ்குமார் தோலை நனைத்துக் கனம் ஏற்றியிருந்தது தனக்குத் தெரியும் என்பதுபோல் பார்த்தது. ஒரு கை ஆட்டுத்தோலின் மேல் சும்மா கிடந்தது. அந்தச் சும்மாவில்தான் எவ்வளவு திமிர்! நேரில் பார்த்தால் முக்தார் அகமது மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுகிற சாதுவான மனிதர். படத்தில் இருப்பவரிடம் மூக்கு உறிஞ்சச் சொல்லி யாரும் கேட்க முடியாது.

ராஜ்குமாருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. இதே மாதிரி ரேணுகாவை வரைந்து நாற்காலிக்கு மேலே மாட்டிவிட்டால் என்ன? தலைவர் அலுவலகத்தில் இருந்த மாதிரியும் ஆயிற்று, வராத மாதிரியும் ஆயிற்று. கீழே அவன் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இப்படிப்பட்ட யோசனை எல்லோருக்கும் வந்துவிடாது, அதற்கென்று ஒரு தனி மூளை வேண்டும்.

முக்தார் அகமதுவின் படத்தை வரைந்தவள் ரைஹானா. நாற்பது வயது, தடித்த கண்ணாடி, துப்பட்டாவின் ஓரமெல்லாம் வண்ணக் கறை. சென்னையில் ஓவியம் படித்தவள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியில் பிரபுக்களும் பிரபுவின் பெண்டாட்டிகளும் எப்படி உட்கார்ந்தார்கள், கையை எங்கே வைத்தார்கள் என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவளுக்கு முக்கியம் இல்லை. வாணியம்பாடித் தோல் வியாபாரிகளை எல்லாம் பிடித்து அந்த மாதிரி உட்காரவைத்துவிட்டாள். மலைமேல் ஒரு பெண் தலைவர் என்று ராஜ்குமார் போய்ச் சொன்னதும் கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதானது.

“பன்னெண்டு நாள் ஆவும்ணே. காலையில ஒம்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் அக்கா அந்த நாற்காலியில குந்தணும்.”

“பன்னெண்டு நாளா? ஒரு போட்டோ தர்றேன், பார்த்து வரைஞ்சிடும்மா.”

“போட்டோ மூஞ்சியத்தான்ணே காட்டும்.”

“அப்பால வேற இன்னாத்த காட்டணும்?”

“ஆள!” என்றாள் ரைஹானா.

பன்னிரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று ராஜ்குமார் தன்னைத் தேற்றிக்கொண்டான். ரேணுகாதேவி எதுவும் கேட்கவில்லை. “சாமை அறுப்புதான் முடிஞ்சிட்ச்சே, வர்றேன்” என்று மட்டும் சொன்னாள். அவள் எப்போதுமே அளந்து பேசுகிறவள்.

திங்கட்கிழமை காவலூர் வழியாக வரும் காலைப் பேருந்தில் ரைஹானா மரச்சட்டம், துணி, டப்பாக்களோடு வந்து இறங்கினாள். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியிலிருந்த துண்டை இரண்டு விரலால் எடுத்து ராஜ்குமாரிடம் நீட்டினாள். “இது வேணாம்ணே. பார்பர் ஷாப்பு மாதிரி இருக்கு.” அவன் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பதினைந்து மாதத்தில் துண்டும் அவனும் நாற்காலியை விட்டு ஒன்றாக வெளியேறியது அன்றுதான்.

ரேணுகாதேவி உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

“நேரா பார்த்தா அது ரேஷன் கார்டுக்கா” என்றாள் ரைஹானா. “உடம்ப ஜன்னல் பக்கம் திருப்புங்க. கண்ண மட்டும் வாசலுக்குக் கொண்டாங்க. ஆங், அப்டித்தான். யாரு வந்தாலும் நீங்க திரும்பக் கூடாது, அவங்கதான் உங்க கண்ணுக்கு முன்னால வந்து நிக்கணும். இத்தாலியில ஒரு பிரபுக்கா, ஒரு கண்ணே கெடையாது. நல்ல கண்ணு இருக்குற பக்கமா திருப்பி வெச்சுப் போட்டுட்டாங்க. பார்த்தா கும்பிடத் தோணும்.”

“எங்க ரேணுவுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானம்மா இருக்குது?” என்று ராஜ்குமார் குறுக்கே விழுந்தான்.

ரைஹானா அவனைக் கவனிக்கவில்லை. “கை சும்மா இருந்தா அதிகாரம் ஓடிப்பூடும். அந்தக் காலத்துல கையுறை, கடிதாசி, மோதிரம்னு எதுனா வெச்சிருப்பாங்க. இந்த ஆபீஸ்ல எதுக்குங்க மதிப்பு?”

கிளார்க் சசிகலா தன் கணினிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “சீலு. அது அண்ணன் சட்டைப் பையில இருக்குது.”

ஊராட்சி முத்திரை எப்போதும் ராஜ்குமாரின் சட்டைப் பையில்தான் இருக்கும். அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு மேல் ஊதா வட்டம் ஒன்று ஊறிப்போயிருந்தது. அதை எடுத்துத் துண்டில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் கொடுத்தான். ரேணுகாதேவியின் உள்ளங்கை அதன்மேல் மெதுவாக இறங்கி மூடிக்கொண்டது.

“இப்ப யாரும் அசையக் கூடாது” என்றாள் ரைஹானா. “அக்கா, சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, முக்கியமா தல ஆடக் கூடாது. ஆடிச்சின்னா வெளிச்சம் மாறிப்பூடும், எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப முதல்லேர்ந்து போடணும்.”

ராஜ்குமார் நாற்காலிக்குப் பின்னால் போய், ஒரு கையை அதன் முதுகில் போட்டு நின்றுகொண்டான். ஜோடியாக வரைந்தால் நன்றாக இருக்கும் என்பது அவன் அபிப்பிராயம்.

“அண்ணே, நிழல் விழுது.”

ஜன்னலோரம் போனான்.

“அண்ணே, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

வாசலுக்குப் போனான்.

“அண்ணே, அது அக்கா பார்க்குற எடம்!”

அவன் வெளியே போனான்.

பத்து மணிக்குச் சடையன் வந்தான். பக்கத்து நிலத்துக் குப்பனின் ஆடு தன் அவரைக் கொடியைத் தின்றுவிட்டது என்று புகார். வாசலில் நின்று மூச்சு விடாமல் சொல்லி முடித்து, தலையாட்டலுக்காகக் காத்திருந்தான். வழக்கமாக இந்நேரம் ராஜ்குமார் மூன்று முறை ஆட்டியிருப்பான். ரேணுகாதேவி ஆட்டவில்லை. கண்ணோரத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடையன் இழுத்தான். “பூரா கொடியும் தின்னலம்மா. பாதிதான்.”

அசைவில்லை.

“நாலு காயி தின்னுச்சு.”

முத்திரையின் மேலிருந்த கைகூட அசையவில்லை. “சரிம்மா, சொல்லிட்றேன். வேலியில ஓட்டை போட்டதே நாந்தான். எங்க ஆடு அந்தப் பக்கம் போயி மேயட்டும்னு போட்டேன். குப்பன் ஆடு இந்தப் பக்கம் வந்துட்ச்சு.”

“அக்கா, நிமிர்ந்து அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுத்துக்கோங்க” என்றாள் ரைஹானா. ரேணுகாதேவி பெருமூச்சு விட்டு, கழுத்தைச் சொடுக்கி, தலையை ஒருமுறை மேலும் கீழும் அசைத்தாள். சடையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நேராக வேலியை அடைக்க ஓடினான்.

மதியத்துக்குள் ஊரெல்லாம் சேதி பரவிவிட்டது. தலைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆளைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது! மறுநாள் வாசலில் கூட்டம். ஓவியம் வரைகிறவளை யாரும் பொருட்படுத்தவில்லை. அவள் பாட்டுக்கு ஒரு மூலையில் நின்று அவ்வப்போது “உதடு, அக்கா, உதடு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இதுவும் ஏதோ பூஜை என்று செல்லியம்மாள் ஒரு தேங்காய்கூடக் கொண்டுவந்தாள்.

நான்காம் நாள் போளூரிலிருந்து ஒப்பந்தக்காரர் ஆதிநாராயணன் வந்தார். தெருவிளக்கு வேலை முடிந்ததாகத் தாளை நீட்டினார். வெளியூர்க்காரர், அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. வரிசையில் நின்ற சடையன்தான் அவர் காதில் ஓதினான். “தலைவி இன்னும் தல ஆட்டலீங்களே. எதையோ வுட்டுட்டீங்க போல, யோசிச்சு சொல்லுங்க.”

ஆதிநாராயணன் அவள் கண்ணைப் பார்த்தார். “பள்ளிக்கூடத்துக்கிட்ட ரெண்டு கம்பம் பாக்கிதான்மா. அது... சார் சொல்லித்தான் மாத்திப் போட்டேன்.”

“எங்க?” என்று சசிகலா கேட்டாள்.

“உங்க தலைவி வூட்டு ஆட்டுக்கொட்டாய்க்கு முன்னால.”

ஜன்னலுக்கு வெளியே நின்ற ராஜ்குமார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். இரண்டு மாதமாக ஆடுகள் ஏன் ராத்திரியில் தூங்காமல் கத்துகின்றன என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மலையில் குளிர் அதிகம் என்று அவன் சொல்லியிருந்தான். இப்போது ரேணுகாதேவியின் கண் வாசலிலிருந்து மெல்ல நகர்ந்து ஜன்னலுக்கு வந்தது.

“கண்ணு, அக்கா! கண்ணு!” என்று கத்தினாள் ரைஹானா. “இல்ல, இருங்க. அப்டியே இருங்க. இந்தப் பார்வதான் வேணும். மாஷா அல்லா!”

அந்தப் பார்வைதான் கடைசியில் படத்தில் நிலைத்தது. ஒப்பந்தக்காரர் மறுநாளே கம்பங்களைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.

ராஜ்குமாருக்குத் தன் நிலைமை புரியத் தொடங்கியது. ஏழாம் நாள் ரைஹானாவிடம் கெஞ்சியேவிட்டான். “என்னையும் ஒரு ஓரமா போடும்மா. புருஷன் இல்லியா நானு?”

ரைஹானா ஜன்னலுக்கு வெளியே பார்த்து யோசித்தாள். “பின்னால மலையும் பாதையும் வரும்ணே. அந்தக் காலத்துல அப்டித்தான் போடுவாங்க, இவ்ளோ ஊரும் இவங்க கையிலன்னு காட்டுறதுக்கு. அந்தப் பலா மரத்துக்குக் கீழ ஒரு ஆளு நின்னா தூரம் நல்லா தெரியும்.”

ராஜ்குமார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, இரண்டு காலை அகட்டி பலா மரத்தடியில் நின்றான். ஒருநாள் இல்லை, மூன்று நாள். எறும்பு கடித்தும் அசையவில்லை. அதிகாரம் என்றால் அசையாமல் இருப்பது என்று அவனும் இதற்குள் கற்றுக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது. அதிகாரி விறுவிறுவென்று உள்ளே போனார். ரேணுகாதேவி எழுந்திருக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை, உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. கண்ணோரத்திலிருந்து பார்த்தாள். அதிகாரி கொண்டுவந்த கோப்பைத் திறந்தார், மூடினார், தொண்டையைச் செருமினார். ரேணுகாதேவி பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கு வர வேண்டிய தண்ணீர்த் தொட்டி அனுமதி ஆறு மாதமாகத் தன் மேசையில்தான் கிடக்கிறது என்று உள்ளே ஒப்புக்கொண்டிருந்தார். அது நாளைக்கே வந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

ஜீப்புக்குப் போகிற வழியில் பலா மரத்தடியைப் பார்த்து நின்றார். “இப்படி ஒரு தலைவரை நான் பார்த்ததே இல்லப்பா. ஆமா, நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க?”

ராஜ்குமார் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் சொன்னான். “தூரம் தெரியறதுக்காக நிக்கிறேன் சார்.”

பன்னிரண்டாம் நாள் படம் முடிந்தது. சுவரில் மாட்டியதும் அறையில் இருந்தவர்கள் தங்களையறியாமல் செருப்பைக் கழற்றினார்கள். இருட்டிலிருந்து ரேணுகாதேவி வெளியே வந்திருந்தாள். சாயம் போன நூல் புடவையில், இத்தாலிக்காரன் பட்டுக்குப் போட்ட மடிப்புகள். வெயிலில் கறுத்த கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். முத்திரையை மூடிய கை. வாய் எதையும் சொல்லவில்லை, கண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. ராஜ்குமார் தன்னைத் தேடினான். நெடுநேரம் தேடினான். கடைசியில் சசிகலாதான் விரல் வைத்துக் காட்டினாள். மரத்தடியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. ஒரு சாமை அரிசி அளவு.

அதற்கெல்லாம் மனம் தளர்கிறவனா அவன்? அதிகாரி திருப்தியாகிவிட்டார், படமும் வந்துவிட்டது. “நீ வூட்டுக்குப் போ ரேணு. கழுத்து வலிக்குதுன்னியே” என்றான். ரேணுகாதேவி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் துண்டை விரித்துப் போட்டு, உட்கார்ந்து, ஆனந்தமாக அரைச்சுற்று சுற்றினான்.

மறுநாள் காலை சாந்தம்மாள் வந்தாள். தன் மருமகளைப் பற்றிச் சொன்னாள். ராஜ்குமார் தலையை ஆட்டினான்.

சாந்தம்மாள் அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு தொடர்ந்து பேசினாள்.

“ஆட்டிட்டேன் அத்த. நீ போலாம்.”

“நீ ஏம்ப்பா ஆட்டுற? அவங்க ஆட்டலியே” என்றாள் சாந்தம்மாள், சுவரைக் காட்டி. பிறகு, மருமகளின் கோழியைத் தானே விற்றுவிட்டு நரி தூக்கிப்போய்விட்டதாகச் சொன்னதைச் சொன்னாள். படம் ஆட்டவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆற்றில் போட்ட அண்ணியின் வெள்ளிக் கொலுசைப் பற்றிச் சொன்னாள். அதற்கும் ஆட்டவில்லை. மத்தியானம் ஆனது. பின்னால் வரிசை புளியந்தோப்பு வரை நீண்டது.

ராஜ்குமார் படத்தைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினான். இப்போது அவர்கள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். தவிர, அந்தப் பார்வை நேராக அவன்மேலேயே விழுந்தது. இப்படித் திரும்பினாலும் விழுந்தது, அப்படிச் சுற்றினாலும் விழுந்தது. அவன் சுற்றுவதை நிறுத்திவிட்டான்.

நான்கு நாளில் கொள்ளுப்பட்டு தாங்கவில்லை. யாருடைய முறையீடும் முடியவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரும் சொன்ன ரகசியங்களைப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். குப்பன் சடையனோடு பேசுவதில்லை, சாந்தம்மாளின் மருமகள் கோழி கேட்டு மூட்டையைக் கட்டிவிட்டாள், அண்ணி கொலுசு கேட்டு மலையேறி வந்துகொண்டிருக்கிறாள். சசிகலா கணினியை அணைத்துவிட்டு எழுந்தாள்.

“அண்ணே, படம் தல ஆட்டாது. ஆட்டுறவங்களப் போயி இட்டுனு வாங்க. இல்லேன்னா நான் லீவு.”

ராஜ்குமார் வீட்டுக்குப் போனான். ரேணுகாதேவி முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய், படத்தில் கண்ட அதே இடத்தில், அவள் கண்ணோரத்தில் நின்றான்.

“ஊரே ரகளையா கீது ரேணு. ஒருக்கா வந்து எல்லாருக்கும் தல ஆட்டிட்டுப் போய்டு.”

அவள் கையில் இருந்த வேலையை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை.

“ஒருக்கா இல்ல. டெய்லி காலையில வா.”

ஆட்டவில்லை. இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், நகர முடியாது என்று அவனுக்குத் தெரியும். “லைட்டு கம்பம் நாந்தான் மாத்தச் சொன்னேன். உன் கையெழுத்தையும் நான்தான் போட்டுனு இருந்தேன்.”

புளிய மரத்தில் ஒரு காக்கை கத்தியது. ரேணுகாதேவி காத்திருந்தாள்.

“நீ அங்க வரக் கூடாதுன்னுதான் அந்தப் படத்தையே போடச் சொன்னேன்.” சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது. இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தான். அவள் பார்வை விலகவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது இருப்பது அந்த நிமிஷம் வரை அவனுக்கே தெரியாது.

“அங்க குந்தினு எனக்கு ஒண்ணுமே புரியல, ரேணு. யாரு இன்னா சொல்றாங்கன்னே புரியல. அதான் சும்மா சும்மா தல ஆட்டினேன். நீ வந்து குந்தினா நல்லா பண்ணிடுவ. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபூடும்னு பயந்துனு இருந்தேன்.”

ரேணுகாதேவி ஒருமுறை, மெதுவாக, தலையை ஆட்டினாள். பிறகு மடியில் ஒட்டியிருந்த புளித்தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“வண்டிய எடுங்க. பாவம் சாந்தம்மா அத்த, நாலு நாளா நின்னுனே கீது.”